நாலு பேர் தூக்க இன்னும் நாள் இருக்கு

வளையமாதேவியில் மலை கிடையாது. குன்றும் கிடையாது. சேத்தியாத்தோப்பு பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், வாய்க்கால், வரப்பு. எங்கள் ஊரில் மனிதன் ஏறக்கூடிய உயரம் என்றால் முதலில் தென்னை, அதற்கு மேல் பனை, அதற்கும் மேல் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு மலை மீட்புக் குழுவில் தன்னார்வலன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வயிற்றைப் பார்க்கிறார்கள். கடைசியில் நெய்வேலி இருக்கும் திசையைப் பார்க்கிறார்கள்.

அந்தத் திசையில் ஒரு மலை தெரியத்தான் செய்கிறது. அது கடவுள் படைத்ததல்ல, என்.எல்.சி. படைத்தது. 1956இல் நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டு மண்ணில் கை வைத்த நாள் முதலாக வெட்டிக் கொட்டிய மேல்மண். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளியாக வேண்டும். அள்ளிய மண் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது மேடாகி, மேட்டின் மேல் மரமும் நட்டு, இப்போது தூரத்திலிருந்து பார்த்தால் நிஜ மலைக்கு ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் "அது எந்த மலைங்க, மேல முருகன் கோயிலா?" என்று கேட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். உயரமாக எது கண்ணில் பட்டாலும் உச்சியில் ஒரு சாமி இருந்தே தீரும் என்று நம்புகிற ஜனம் நாம்.

எங்கள் பக்கத்தில் மதிப்புள்ளது எல்லாமே கீழேதான் இருக்கிறது. நிலக்கரி கீழே, தண்ணீர் கீழே. என் பிழைப்பும் கீழேதான். சேத்தியாத்தோப்பில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல்லில் இறக்கிய மோட்டார் புகைந்துவிட்டால் மூன்று கால் நட்டு, செயின் பிளாக் மாட்டி, குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுத்துப் போடுவேன். ஒருநாள் புவனகிரி பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரின் நிலத்தில் இந்த வேலை. பட்டாளத்தில் பனிமலைகளில் காலம் தள்ளியவர். கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, நான் கயிறு கட்டுவதையே காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் வெளியே வந்ததும் சொன்னார்:

"தம்பி, முந்நூறு அடி பள்ளத்துல கெடக்கறத மேல கொண்டாந்துட்ட. மேல கெடக்கறத கீழ கொண்டார்றது இதைவிட சுளுவு. பாதி வேலைய பூமியே செஞ்சுடும்."

இப்படித்தான் நான் அவருடைய குழுவில் சேர்ந்தேன். பூமி பாதி வேலையைச் செய்யும் என்று அவர் சொன்னது முழு உண்மை. மீதிப் பாதியையும் அதுவே செய்துவிடாமல் தடுப்பதற்குப் பெயர்தான் மலை மீட்பு.

குழு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹவில்தார், நான், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், சிதம்பரத்திலிருந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் சிலர். இந்த இளைஞர்களுக்கு வேலை கிடைக்கக் கிடைக்கக் குழுவின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகிறது. எங்களில் சிலர் 'ஆப்த மித்ரா' பயிற்சி முடித்தவர்கள். நாடு முழுக்க 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களைத் தயார் செய்வதற்காக மத்திய அரசு கொண்டுவந்த 12 நாள் பயிற்சி அது. முதலுதவி, நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்பது, வெள்ளத்தில் கயிறு வீசுவது எல்லாம் அங்கே கற்றதுதான். மலைக்கு மட்டும் ஹவில்தார் தனியாகப் பாடம் எடுத்தார்.

பாடம் நடந்த இடம் தண்ணீர்த் தொட்டி. முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஏறினோம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் உயரத்தில் ஏறினால் அதற்குள்ள அர்த்தமே வேறு. 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியின் பெயரைத் தமிழ்நாடே தெரிந்துகொண்டது. சுரங்க விரிவாக்கத்துக்காக, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டிய நாள். ஊர் அதன்பின் பார்க்காத போலீஸ் இல்லை, பார்க்காத கேமரா இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடுப்பில் பெல்ட் கட்டிய ஐந்து பேர் தொட்டியின் மேல் நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

கால் மணி நேரத்தில் கீழே கூட்டம். "இறங்குங்கப்பா, பேசித் தீத்துக்கலாம்" என்று ஒருவர். "இழப்பீடா, வேலையா? கோரிக்கை என்ன?" என்று இன்னொருவர். நாங்கள் கயிற்றில் இறங்கிப் பழகுகிறோம் என்று மேலிருந்து கத்தினோம். காற்று அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக வந்து, மடித்து வைத்திருந்த மனு ஒன்றை எங்கள் கயிற்று நுனியில் கட்டினார். "எப்படியும் அதிகாரிங்க வருவாங்க. மேல இருக்கறப்பவே எங்க தெரு லைட்டையும் சேத்துச் சொல்லிடு தம்பி." நான் ஒழுங்காகக் கயிற்றில் இறங்கித் தரையில் கால் வைத்ததும், போராட்டம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் கூட்டத்துக்கு ஏமாற்றம். என்ன வாங்கிக்கொண்டு இறங்கினேன் என்று இன்றும் சிலர் ஜாடையாகக் கேட்கிறார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. "நம்ம மாடித் தொட்டியக் கழுவ ஏறுங்கன்னா மூட்டு வலிங்கறீங்க. திருவண்ணாமலைப் பக்கம் போயி ஊரான் மாடியில ஏறுறீங்களே?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் நான் பதில் தயார் செய்யவில்லை.

நாங்கள் அதிகம் போவது பர்வதமலைக்கு. கலசபாக்கத்துக்குப் பக்கம், நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் உயரம், உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். பௌர்ணமி வந்தால் மலை முழுக்கத் தலைதான். ஏறி முடிக்கும் தறுவாயில் கடப்பாரைப் படி என்று ஓர் இடம் உண்டு. பாறையில் கடப்பாரைகளை அறைந்து, சங்கிலி கோத்து, பிடித்துக்கொண்டு ஏறச் சொல்கிறார்கள். பிறகு ஏணிப் படி, தண்டவாளப் படி. முன்னோர்கள் கையில் அகப்பட்ட இரும்பையெல்லாம் மலைக்குத் தானம் செய்திருக்கிறார்கள்.

மீட்பு என்றதும் பாறை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கும் ஆளை நினைக்காதீர்கள். அப்படி ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. நாங்கள் பார்ப்பது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவர், விரதமிருந்து மயங்கியவர், சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏறியவர், ரப்பர் செருப்பு வார் அறுந்து பாதம் கிழிந்தவர், தண்ணீருக்குப் பதிலாக மூன்று லிட்டர் நல்லெண்ணெயைச் சுமந்து வந்தவர். ஏறுவதற்கு எல்லோரிடமும் ஒரு வேண்டுதல் இருக்கிறது. இறங்குவதற்கு ஒருவரும் வேண்டிக்கொள்வதில்லை.

தொலைந்துபோகிறவர்களும் உண்டு. நண்பர்களை விட்டுக் குறுக்குவழியில் போன ஒரு பையனைத் தேடி, அவன் நம்பரை வாங்கி நான் விடாமல் அடித்தேன். கட் செய்தான். மறுபடி அடித்தேன். கட் செய்தான். ஒருவழியாக எடுத்தவன், நான் வாயைத் திறக்கும் முன்னே, "எனக்கு லோன் வேணாங்க, நானே வழி தெரியாம நிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் இது உலகப் பொதுவியாதி என்று பிறகு தெரிந்தது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில், எல்பர்ட் மலையில் வழி தவறிய ஒருவரை மீட்புக் குழு இரவெல்லாம் தேடியிருக்கிறது. விடாமல் போன் அடித்தும் அவர் எடுக்கவில்லை. காரணம், தெரியாத நம்பர். மறுநாள் காலை அவர் பாட்டுக்கு நடந்து காருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய மாதம் துருக்கியில் நடந்தது இதற்கும் ஒரு படி மேல். நண்பர்களோடு குடித்துவிட்டுக் காட்டுக்குள் போன ஒருவர், யாரையோ தேடும் கூட்டத்தைப் பார்த்துத் தானும் சேர்ந்து தேடியிருக்கிறார். கூட்டம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தேடப்படுவது தான் என்று அவருக்கு விளங்கியது. ஆனால் ஒன்று, அந்த மனிதர் தேட வந்தாரே! நம் பையன் போனைக்கூட எடுக்கவில்லை.

கண்டுபிடிப்பதெல்லாம் பெரிய வேலையில்லை. கண்டுபிடித்த ஆளைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. மலையில் விழுந்து கிடக்கும் ஒருவரும் தான் விழுந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. "சும்மா உக்காந்திருக்கேன்" என்பார்கள், கால் ஒரு பக்கமும் பாதம் இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கும்.

பண்ருட்டி அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, நல்ல ஆகிருதி, கடப்பாரைப் படிக்குக் கீழே ஒரு பாறையில் சாய்ந்தபடி. தரிசனம் முடித்து இறங்கும்போது கணுக்கால் மடங்கிவிட்டது. மெடிக்கல் ஷாப்காரர் தொட்டுப் பார்த்து, எலும்பு முறிந்திருக்கலாம், தரையில் ஊன்றவே கூடாது என்றார். நாங்கள் ஸ்ட்ரெச்சரை விரித்தோம். அந்த அம்மா ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். எங்களை எண்ணினார். சரியாக நாலு பேர்.

"என்னாப்பா இது?"

"படுத்துக்குங்கம்மா, தூக்கிட்டுப் போயிடறோம்."

"நாலு பேரு தூக்கறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்குப்பா. நானே நடந்து வர்றேன்."

பக்கத்திலிருந்த மகன் கெஞ்சினார். மருமகள் கெஞ்சவில்லை, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹவில்தார் தன் பட்டாளத்துக் குரலில் விளக்கினார்: இறக்கத்தில் தூக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், கால் முன்னே போகும், அதுதான் முறை. அவர் வாயை மூடியிருக்கலாம். "கால் முன்னாடியா?" என்று அந்த அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். கால் முன்னே போக வீட்டை விட்டுக் கிளம்புவது யார் என்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் பயிற்சிப் புத்தகத்துக்குத் தெரியாது. சரி, ஐந்தாவதாக ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சமாதானம் சொன்னார். "சங்கு ஊதவா?" என்று கேட்டார் அம்மா.

இந்த இடத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. வழிக்கடை ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கினோம். கடைக்காரரிடமே இரண்டு மூங்கிலும் இருந்தன. போர்வெல்லில் மோட்டார் இறக்கும்போது முதல் பாடம், பாரத்தை கேபிளில் தொங்கவிடக் கூடாது, தனிக் கயிற்றில்தான் தொங்கவிட வேண்டும் என்பது. கேபிள் கரண்டுக்கு மட்டும். நாற்காலியின் கையும் அப்படித்தான், அது கை வைப்பதற்கு மட்டும். மூங்கிலைக் கையில் கட்டினால் பத்தாவது படியில் கை தனியாக, அம்மா தனியாக. ஆகவே கயிற்றை உட்காரும் பலகைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நாலு காலையும் விரியாதபடி இழுத்துக் கட்டி, அந்தக் கட்டிலிருந்து மூங்கிலுக்கு ஏற்றினேன். முதுகுப் பக்கம் ஒரு கயிறு, இடுப்புக்கு ஒரு துண்டு. நானே ஒருமுறை ஏறி உட்கார்ந்து குதித்துக் காட்டிய பிறகு அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. சபரிமலை டோலியில் போகிறவர்கள் உட்கார்ந்துதானே போகிறார்கள் என்று யாரோ எடுத்துக் கொடுத்ததும், கௌரவப் பிரச்சினையும் தீர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். தோள்மேல் மூங்கில், நடுவில் நெற்றி நிறைய விபூதியோடு அந்த அம்மா, உற்சவர் புறப்பாடு போல இறங்க ஆரம்பித்தோம். எதிரே ஏறி வந்த ஜனங்கள் ஒதுங்கி நின்று "அரோகரா" போட்டார்கள். ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து காலைத் தொடவைத்தார். "தொடாதம்மா, அந்தக் கால்தான் ஒடிஞ்சிருக்கு" என்று நான் கத்துவதற்குள் அம்மா கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்துவிட்டார். அடிவாரம் சேர்ந்தபோது அவர் மடியில் ஒரு எலுமிச்சம்பழமும் சில்லறை நோட்டுகளும் இருந்தன. எங்கள் தோளில் காய்ப்பு மட்டும்.

எங்கள் தோள் என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. பாதி வழியில் என் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியதும், மேலே தண்ணீர்க் கேன் சுமந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் மூங்கிலை வாங்கிக்கொண்டார்கள். காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் பெல்ட் கிடையாது, சான்றிதழ் கிடையாது. பேசிக்கொண்டே இறங்கினார்கள். நான் வெறுங்கையோடு அவர்கள் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஓடினேன். அன்று நாற்காலி இரண்டாவது நடையும் போக வேண்டியிருந்தது. ஹவில்தாரின் முழங்கால் பாதி வழியில் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அவரும் அதே வசனத்தைத்தான் சொன்னார்: "நானே நடந்து வர்றேன்." அவரையும் அந்தப் பையன்கள்தான் சுமந்தார்கள். இதை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு, அதனால் சொல்லவில்லை.

அவரைத் தேற்ற நான் ஒரு கதை சொன்னேன். மலை மீட்புக்கென்றே பேர் போனவை செயின்ட் பெர்னார்டு நாய்கள். ஆல்ப்ஸ் மலையில் பனியில் புதைந்தவர்களைத் தேடிக் காப்பாற்றிய வம்சம். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் மலையில் அந்த வம்சத்து நாய் ஒன்று, 55 கிலோ, பெயர் டெய்சி, இறங்கும்போது பின்னங்கால் வலித்து உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க மறுத்துவிட்டது. வாஸ்டேல் மலை மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் 16 பேர் போய், தின்பண்டம் காட்டிச் சம்மதிக்க வைத்து, ஸ்ட்ரெச்சரில் கட்டி, ஐந்து மணி நேரம் பாடுபட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். ஹவில்தார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அது என்னா சொல்லிச்சு, நானே நடந்து வர்றேன்னா?" என்றார்.

சிரிக்க இடமில்லாத மலைகளும் இருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, கமாண்டோக்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தீயைத் தாண்டி மேலே ஓடி, கம்பளியிலும் போர்வையிலும் கிடத்திச் சுமந்தவர்கள் அந்த மலையின் ஊர்க்காரர்கள். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழாவில் ஓர் இளைஞர் செங்குத்தான பாறை இடுக்கில் 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அவரை மேலே இழுத்தது வெலிங்டனிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் போன ராணுவ வீரர்கள். அந்தக் காட்சியை டிவியில் பார்க்கும்போது என் கண் அவர்கள் முகத்தில் இல்லை, முடிச்சில் இருந்தது. நல்ல முடிச்சு.

2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலையே இறங்கி வந்தது. பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட ஏழு பேர். தேசியப் பேரிடர் மீட்புப் படை தோண்டியது. நாங்கள் போகக் கிளம்பினோம், போக முடியவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணைக் கரையெல்லாம் தண்ணீர். மலை மீட்புக் குழு தன் சொந்த மாவட்டத்திலேயே இடுப்பளவு வெள்ளத்தில் நின்று, தெருவின் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் கயிறு கட்டி ஆட்களைக் கடத்தியது. தொட்டி மேல் கற்ற முடிச்சுகள் அங்கேயும் நின்றன. அங்கேயும் ஒரு பாட்டி, தன் ஆடு போனால்தான் தானும் வருவேன் என்றார். ஆடு ஒரு மறுப்பும் சொல்லாமல் வந்தது. இத்தனை காலத்தில் சம்மதம் கேட்காமல் நான் மீட்ட ஒரே ஜீவன் அதுதான்.

பண்ருட்டி அம்மாவுக்குக் கால் கூடிவிட்டது. பலாப்பழம் கொடுத்தனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். இப்போது பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே போன் வருகிறது.

"தம்பி, இந்தப் பௌர்ணமிக்கு நீங்க இருக்கீங்களா?"

"ஏம்மா?"

"இல்ல, நீங்க இருந்தா ஏறலாம்னுதான். இந்தத் தடவை எங்க சம்பந்தியம்மாவும் வர்றாங்க. அவங்களுக்கும் மூட்டு சரியில்ல."

நான் மெதுவாக, நாங்கள் ஆபத்துக்கு மட்டும்தான், வாடகைக்கு இல்லை என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிப்பா. போன தடவை நாற்காலியில முதுகு சாய்மானம் பத்தல. கொஞ்சம் பெரிசா பாத்து ரெண்டு வாங்கி வச்சிடு. காசு நான் குடுத்துடறேன்."

சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் விசாரித்தேன். உயர்ந்த முதுகுள்ளது ஒன்று எண்ணூறு ரூபாய் சொல்கிறான். இரண்டாக எடுத்தால் குறைத்துத் தருவானாம்.